ரசீது இல்லாத 340 ரூபாய்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது, துறைத்தலைவர் தொலைபேசியில் "உங்க ஆராய்ச்சியைப் பத்திப் பேசுங்க மேடம். வாசனை எண்ணெய், டெர்பீன் எல்லாம் பசங்களுக்குப் பிடிக்கும்" என்றார். ஆராய்ச்சி மாணவர் சங்கத்தில் வேலை பார்த்ததைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதுல பேச என்ன இருக்கு?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். அவருடைய அந்தக் கேள்வியைத்தான் இன்று கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

2008இல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். அப்போது ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 12,000 ரூபாய். அடுத்த ஆண்டு எங்கள் ஆராய்ச்சி மாணவர் சங்கத்துக்கு என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். தேர்தல் என்று சொன்னால் பெரிய வார்த்தை. வேறு யாரும் கை தூக்கவில்லை, நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர் என்பது யாருக்கோ தெரிந்திருந்தது. பொருளாளர் ஆவதற்கு அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டு முடிவில் பொதுக்குழு. முப்பது பேர் வந்திருந்தார்கள். நான் எழுந்து வரவு செலவு படித்தேன். சந்தா இவ்வளவு, டீ பிஸ்கட் இவ்வளவு, அச்சுக் கூலி இவ்வளவு. "இதர செலவு 340" என்று படித்து முடிக்கும்போது பின்னால் ஒரு கை உயர்ந்தது. இயற்பியலில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பையன். "அக்கா, இதரன்னா என்னக்கா?"

இரண்டு ஆட்டோ, பேனர் கட்டச் சணல், ஒரு பெட்டி தண்ணீர். இது எனக்குத் தெரியும். ஆனால் ரசீது இல்லை. சொன்னேன். "ரசீது இல்லாம எப்படிக்கா எழுதினீங்க?" என்று அவன் அடுத்துக் கேட்டான். குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ஆனாலும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் உழைத்திருக்கிறேன், இரவு பத்து மணிக்கு நாற்காலி தூக்கியிருக்கிறேன், என்னிடம் முந்நூற்று நாற்பது ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிறாயா என்று அந்த அறையிலேயே கத்தினேன். சத்தம் அடங்கியதும் அவன் உட்கார்ந்தான். தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

இரவு விடுதியிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் கேட்டது தப்பில்லையே" என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று விசாரித்தார்.

அந்தக் கோபம் எனக்கு ஏன் வந்தது என்று யோசிக்க ஆரம்பித்ததிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது. அதுவரை என்னிடம் கணக்குக் கேட்டவர்கள் எல்லாரும் எனக்கு மேலே இருந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள், பள்ளியில் ஆசிரியர், ஆய்வுக்கூடத்தில் கைடு. அவர்கள் கேட்டால் பயம் வரும், கோபம் வராது. நான் கணக்குக் கேட்டவர்களோ எனக்குக் கீழே இருந்தவர்கள்: ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த எம்.எஸ்ஸி. மாணவி, கண்ணாடிக் குடுவை கழுவும் பையன். நம் கல்விக்கூடங்களில் எல்லா உறவும் ஏணிதான். கைடுக்குக் கைடு உண்டு, சீனியருக்குச் சீனியர் உண்டு. இருபத்தைந்து வயது வரை, எனக்குச் சமமான ஒருவர் எழுந்து நின்று என்னிடம் பதில் கேட்டதே கிடையாது. அந்த முப்பது பேருக்கு என்னால் ஆகவேண்டியது எதுவும் இல்லை, அவர்களால் எனக்கும் ஆகவேண்டியது இல்லை. அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்விக்கு எரிச்சல் இல்லாமல் பதில் சொல்வது ஒரு தனிப் பயிற்சி. அதை ஆய்வகம் எனக்குச் சொல்லித் தரவில்லை. சங்கம் சொல்லித் தந்தது, அதுவும் முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு.

இதைச் சொன்னால், இது உன் சொந்த அனுபவம், அறிவியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தத்தைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றில் கொஞ்சம் சொல்கிறேன்.

அன்றைய சென்னை மாகாணத்தில், அனந்தப்பூர் பக்கம் குத்தி என்ற ஊரில் வி. ராமசாமி ஐயர் என்று ஒரு டெபுடி கலெக்டர். கணிதத்தில் ஆசை கொண்டவர். புதிய கணிதப் புத்தகங்களும் வெளிநாட்டு ஆய்விதழ்களும் தனியாள் ஒருவரால் வாங்கிக் கட்டுப்படியாகாத காலம். நாலு பேர் சேர்ந்து பணம் போட்டால் வாங்கலாமே என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 1907இல் அது ஒரு சங்கமாயிற்று. முதலில் அனலிடிக் கிளப், பிறகு இந்தியக் கணிதக் கழகம். புத்தகங்களைப் புனேயில் ஃபெர்குசன் கல்லூரியில் வைத்து, அங்கிருந்து தபாலில் உறுப்பினர்களுக்கு அனுப்பினார்கள். ஒருவர் படித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். இதை நடத்துவது எவ்வளவு தலைவலி என்று நூலகப் புத்தகம் இரவல் கொடுத்த யாருக்கும் தெரியும்.

எனக்கு அந்த டெபுடி கலெக்டரை நினைத்தால்தான் சுவாரசியம். கச்சேரியில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் தாசில்தார் ஓடி வருவார். ஆனால் சந்தா கட்டாத கணித வாத்தியார் ஒருவரிடம் அவருடைய அதிகாரம் ஒரு தம்படிக்குப் பிரயோசனப்படாது. தயவுசெய்து அனுப்பிவையுங்கள் என்று எழுதத்தான் முடியும். பகலில் உத்தரவு, மாலையில் வேண்டுகோள். இரண்டு மொழியும் ஒரே மனிதரிடம்.

1910 கடைசியில் ராமானுஜன் வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போய் இந்த ராமசாமி ஐயரைத்தான் பார்த்தார். அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, சென்னையில் இருந்த கழக நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். அவர்களில் ஒருவரான சேஷு ஐயர், பிறகு நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ். அவரும் கழகத்தில் பொறுப்பு வகித்தவர். 1912 மார்ச்சில் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே மேலாளர் நாராயண ஐயர் கழகத்தின் பொருளாளர். ராமானுஜன் கதையை மேதையைக் கண்டெடுத்த கதையாகவே நமக்குச் சொல்லிப் பழக்கம். முகவரிகளை அடுக்கிப் பாருங்கள், ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் கைக்குக் கை மாறியிருப்பது தெரியும். பொருளாளராக இருந்தவள் என்பதால் எனக்கு அந்தப் பட்டியல்தான் முதலில் கண்ணில் படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாராயண ஐயரைப் பற்றி ஒரு செய்தி. அலுவலகத்தில் அவர் மேலதிகாரி, ராமானுஜன் குமாஸ்தா. இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் இரண்டு வரி எழுதினால் நடுவில் பல படிகள் காணாமல் போயிருக்கும். என் அளவுக்கு இறங்கி வந்து இடையில் உள்ளதையும் எழுது என்று நாராயண ஐயர் விடாமல் கேட்பாராம். மேலதிகாரி தன் குமாஸ்தாவிடம் எனக்குப் புரியவில்லை என்று சொல்லும் இடம் இது. பெங்களூரில் இருந்த கழக இதழின் ஆசிரியர் நாராயண ஐயங்காருக்கும் இதே பாடுதான். பெர்னூலி எண்கள் பற்றிய ராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் வெளிவருவதற்கு முன்பு பலமுறை போய் வந்தது. சம்பளம் இல்லாத ஆசிரியர், கல்லூரி வேலை முடிந்த பிறகு, யாரென்று தெரியாத ஓர் இளைஞனின் கையெழுத்துப் பிரதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நாம் சிலை வைக்கவில்லை. வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கவும் மாட்டார்.

என் துறையில் ஓர் ஆள் உண்டு. ஆய்வேட்டின் முதல் இயலில், முந்தைய ஆய்வுகள் பகுதியில், ஜே.எல். சைமன்சன் என்ற பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினேன். இமயமலைச் சரிவில் வளரும் சிர் பைன் மரத்தின் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து கேரீன் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தவர். டெர்பீன் என்னும் அந்த வகை வாசனைச் சேர்மங்களைப் படிப்பவர்களுக்கு அவர் பெரிய பெயர். அவர் 1910இல், இருபத்தாறு வயதில், நம் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வேதியியல் பேராசிரியராக வந்தவர் என்பதை ஆய்வேட்டைக் கொடுத்த பிறகே தெரிந்துகொண்டேன். வந்த சில ஆண்டுகளில் லக்னோவில் இருந்த மக்மேகன் என்ற இன்னொரு வேதியியல்காரரோடு சேர்ந்து, இந்த நாட்டில் அறிவியல் செய்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒன்றாகக் கூட வேண்டும் என்று கடிதம் எழுத ஆரம்பித்தார். 1914 ஜனவரியில் கல்கத்தாவில் முதல் அறிவியல் மாநாடு. 105 பேர் வந்தார்கள், 35 கட்டுரைகள். அடுத்த ஆண்டு மாநாடு சென்னையில். முதல் மாநாட்டின்போது சைமன்சன் முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். இன்றைய கணக்கில் அவரும் ஓர் இளம் ஆய்வாளர்தான். பிறகு பல ஆண்டுகள் செயலாளராக இருந்து அதை நடத்தினார், ஆய்வையும் விடவில்லை.

வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு எடுபிடிக்கு ஆள் இருந்திருக்கும், எழுத்தர் இருந்திருப்பார், எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கல்கத்தாவிலிருந்து லாகூர் வரை சிதறிக்கிடந்த நூறு பேரை, அவரவர் செலவில், ஒரே ஊருக்கு வரவைக்க எழுத்தரால் முடியாது. முப்பது பேரைப் பொதுக்குழுவுக்கு வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எங்கள் சங்கத்துக்குத் திரும்புகிறேன். 340 ரூபாய் விவகாரத்துக்குப் பிறகு மறு ஆண்டும் நானே பொருளாளர். அந்த இயற்பியல் பையனைத் தேடிப் போய் உள்தணிக்கையாளராக இருக்கச் சொன்னேன். பழிவாங்குகிறேன் என்று முதலில் நினைத்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, ரசீதுகளைக் கம்பியில் கோத்து வைத்தோம். ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காது என்பதால், ஓட்டுநரின் வண்டி எண்ணையும் தொகையையும் எழுதி, கூட வந்த இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவன்தான் விதி செய்தான். பழைய 340ஐ என் கைக்காசில் கட்டிவிட்டேன். வேண்டாம் என்று நாலு பேர் சொன்னார்கள். அவன் சொல்லவில்லை. இன்றும் நல்ல நண்பன்.

2011இல் கணிதத் துறையில் ஒருவருக்கு ஏழு மாதமாக உதவித்தொகை வரவில்லை. கல்யாணமானவர், கைக்குழந்தை. விடுதி மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது. சங்கத்தில் பேசினோம். கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். 'மெத்தனப் போக்கு', 'வயிற்றில் அடிக்கும் செயல்', 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' எல்லாம் இருந்தது. மறுநாள் செயற்குழுவில் படித்தேன். பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவர் 'வன்மையாக'வை எடுக்கலாமே என்றார். இன்னொருவர் 'மெத்தனம்' நமக்கு எப்படித் தெரியும் என்றார். தாவரவியல் அக்கா ஒருவர், "இதுல அவருக்கு எவ்வளவு பணம் வரணும்னே இல்லையே" என்றார். அது இல்லைதான். இரண்டு பக்கத்தில் தொகை இல்லை. வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியது நாலு வரி, ஓர் அட்டவணை: சேர்ந்த தேதி, கடைசியாகப் பணம் வந்த மாதம், வரவேண்டிய தொகை, இணைத்துள்ள சான்றுகள். என் அழகான வாக்கியங்கள் எல்லாம் கீழே கிடந்தன.

அந்தத் தாளோடு அவரும் நானும் கணக்குப் பிரிவுக்குப் போனோம். சூப்பிரண்டு தாளைப் படித்தார், எங்களைப் பார்த்தார். "ஃபைல் என்கிட்ட இல்லம்மா, தபால்ல பாருங்க" என்றார். தபால் பிரிவில் பதிவேட்டைப் புரட்டி அனுப்பிய எண்ணைப் பிடித்தோம். அதை வைத்துக்கொண்டு போன இடத்தில் இன்னொரு மேசையைக் காட்டினார்கள். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்தது. பணம் தரும் அமைப்பு, முந்தைய தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று வந்தால்தான் அடுத்த தவணையை விடும். சான்று போயிருக்கிறது. தணிக்கையாளர் கையெழுத்து ஓரிடத்தில் விட்டுப்போனதால் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்த தாள் ஒரு மேசை இழுப்பறையில் ஐந்து மாதமாகத் தூங்கியிருக்கிறது. யாரும் அவர் வயிற்றில் அடிக்க நினைக்கவில்லை. யாரும் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

இரண்டும் சேர்ந்துதான் உண்மை. இதைக் கண்ணால் பார்த்ததற்குப் பிறகு என் எழுத்து மாறியது. சில மாதம் கழித்து, ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் "மிகச் சிறப்பான விளைச்சல் கிடைத்தது" என்று எழுதிய இடத்தில் பேனா நின்றது. அந்தப் பதினொரு பேர் காதில் பேசினார்கள்: எவ்வளவுன்னே இல்லையே. அடித்துவிட்டு, நூறு கிராம் இலைக்கு எத்தனை மில்லி எண்ணெய் என்று எழுதினேன். என் கைடு ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொன்னார். மேலே இருந்து சொன்னதால் உத்தரவாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னபோதுதான் உறைத்தது. அவரிடம் இதை ஒப்புக்கொண்டபோது அவ்வளவாக ரசிக்கவில்லை.

சங்கத்துக்குப் போவதையே அவர் ரசித்தவர் இல்லை. "சங்கத்துக்கு மினிட்ஸ் எழுதுற மாதிரி எனக்கு ஒரு சாப்டர் எழுதிக் குடும்மா" என்பார். அவர் பக்க நியாயத்தையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். 2012இல் ஏறக்குறைய ஆறு மாதம் என் வாயு நிறப்பகுப்பு (ஜி.சி.) தரவுகள் கணினியில் அப்படியே கிடந்தன. சங்க வேலை இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தத் தரவுகளில் இரண்டு சிகரங்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சங்கத்தில் என்ன செய்வதென்று தெரியும். அதனால் அங்கே போய் ஒளிந்துகொண்டேன். பொதுவேலை என்பது ஒளிந்துகொள்ள மிகவும் வசதியான இடம். யாரும் திட்ட மாட்டார்கள், பாராட்டுவார்கள்கூட. இங்கே பின்வரிசையில் இருக்கும் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

ஆளைக் கூப்பிடுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்காட்சி வைத்தோம். உதவிக்கு இருபத்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். காலையில் வந்தவர்கள் ஆறு பேர். மற்றவர்களுக்குப் போன் போட்டுக் கடிந்துகொண்டேன். கைடு எங்களிடம் பேசுவது போலவே பேசினேன், வேறு மாதிரி எனக்குத் தெரியாது. மறு ஆண்டு பெயர் கொடுத்தவர்களே எட்டுப் பேர்தான். விலங்கியல் சீனியர் ஒருவர் அழைத்து, "எல்லாரும் வந்து உதவுங்கன்னா யாரும் வரமாட்டாங்க. அவங்கவங்ககிட்ட இருக்கறதக் கேளு" என்றார்.

தாவரவியலில் ஒருவர். யாரிடமும் நிமிர்ந்து பேச மாட்டார், கூட்டத்துக்கு வரவே மாட்டார். அவர் விதை சேர்க்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அறைக்குப் போய், "உங்க விதைகளை ஒரு நாள் பசங்களுக்குக் காட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டேன். கண்காட்சி அன்றைக்கு அறுபது தீப்பெட்டிகளோடு வந்தார். ஒவ்வொன்றின் மேலும் சின்னத் தாள் ஒட்டி, ஊர், தேதி, மரத்தின் பெயர். குன்றிமணி, எருக்கம் பஞ்சு, புங்கன், காற்றில் சுழன்று இறங்கும் வேங்கை விதை. அந்த வேங்கை விதையை ஸ்டூல் மேல் ஏறி நின்று அவர் விட, பிள்ளைகள் கீழே கை நீட்டிப் பிடித்தார்கள். மதியம் சாப்பிடப் போகவில்லை. அவர் அவ்வளவு பேசுவார் என்று அவருடைய ஆய்வகத்திலேயே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதற்கிடையில் ஒன்று. பொருளாளராக இருந்தும், விழா என்றால் பன்னீர்ச் சொம்பு என் கைக்கே வந்தது. கோலம், குத்துவிளக்கு, தொகுப்புரை, வரவேற்புத் தட்டு எல்லாம் பெண்களுக்கு. மேடை, ஒலிபெருக்கி, நன்றியுரை ஆண்களுக்கு. இதைச் செயற்குழுவில் ஒரு பொருளாக வைத்தபோது முதலில் சிரித்தார்கள். சுழற்சி முறை என்று தீர்மானம் ஆயிற்று. முதல் முறை சந்தனக் கிண்ணத்தைப் பிடித்த கடல் உயிரியல் நண்பர் வெட்கத்தில் வந்தவர்கள் முகத்தையே பார்க்கவில்லை. இன்று இந்த அரங்கின் வாசலில் சந்தனத்தோடு நின்றவர் ஓர் ஆண் ஆய்வு மாணவர். கவனித்தேன், தம்பி.

அறிவியல் நாள் என்றதும் ராமன் நினைவுக்கு வருவார். 1907இல் பதினெட்டு வயதில் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனவர். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அறிவியல் வளர்ப்புக் கழகம் பவ்பஜார் தெருவில் ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே போய் ஆய்வு செய்தார், பல ஆண்டுகள், சம்பளமில்லாமல். 1917இல் பேராசிரியர் ஆனார். 1919இல் அதே கழகத்துக்குக் கௌரவச் செயலாளர். 1928இல் ராமன் விளைவு அந்தக் கட்டடத்தில்தான் கண்டறியப்பட்டது. தன்னார்வத் தொண்டால் ஒருவர் வளர்ந்ததற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது என்று இத்தோடு நிறுத்திவிடலாம். பல மேடைகளில் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1933இல் அவர் பெங்களூர் போனார். 1934இல் அதே கழகத்தின் பொதுக்குழுவில் எதிரணி திரண்டு வந்தது. நோபல் பரிசு பெற்றவரின் கை கீழிறங்கியது, கழகம் அவர் பிடியிலிருந்து போயிற்று. மாகாண அரசியல், வங்காளி – தென்னிந்தியர் பூசல், தனிப்பட்ட மனத்தாங்கல் என்று அதற்கு எழுதப்பட்ட காரணங்கள் பல. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். எனக்குத் தோன்றுவதைத் தயக்கத்தோடு சொல்கிறேன். அந்தக் கழகத்தை அவர் தன் ஆய்வகம் போல நடத்தினார். ஆய்வகத்தில் கை எண்ண மாட்டார்கள், கழகத்தில் எண்ணுவார்கள். அவ்வளவு பெரிய மூளைக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்டால், 340 ரூபாய்க்குக் கத்தியவளுக்கு அதற்கு மேல் சொல்லத் தகுதியில்லை.

இளம் ஆய்வாளர் சங்கங்களுக்கு இன்னொரு விசித்திரக் குணம் உண்டு. உறுப்பினர்கள் தங்குவதில்லை. பட்டம் வாங்கினால் போய்விடுவார்கள், வாங்காவிட்டாலும் போய்விடுவார்கள். வணிகர் சங்கத்தில் முப்பது வருடத் தலைவர் இருப்பார். இங்கே நாலு வருடத்துக்கு ஒருமுறை சங்கத்துக்கு மறதி நோய் வரும். 2007–08 பன்னாட்டுத் துருவ ஆண்டை ஒட்டி, துருவப் பகுதிகளில் ஆராயும் இளம் அறிவியலாளர்களுக்கென்று 'அபெக்ஸ்' என்ற சங்கம் உருவாயிற்று. துருவ ஆண்டு முடிந்தது, சங்கம் முடியவில்லை. அலுவலகம் நார்வேயில் டிரோம்சோவில் இருந்தது, பிறகு ஜெர்மனியில் பாட்ஸ்டாமுக்கு மாறியது. நிர்வாகக் குழுவை ஆண்டுதோறும் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இடமும் மாறி ஆளும் மாறி ஒரு சங்கம் பிழைக்க வேண்டுமென்றால், போகிறவர் வருகிறவரிடம் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்ற இனிய எண்ணத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு, தன்னைத் தேவையில்லாதவர் ஆக்கிக்கொள்ளும் வேலை அது. எனக்கு அது கடைசி வரை முழுதாக வரவில்லை. பொறுப்பை விட்ட பிறகும் ஒரு வருடம், அடுத்த பொருளாளருக்கு வாரம் இரண்டு முறை போன் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவள், "அக்கா, நான் பாத்துக்கறேன்கா" என்றாள். அந்த 'க்கா'வில் இருந்த பொறுமை எனக்குப் புரிந்தது.

கணிதத் துறை நண்பரின் பணத்தைத் தேடி அலைந்த அந்தப் பாதையை ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தோம். எந்தப் பிரிவு, எந்த மேசை, என்ன சான்று, எந்த மாதம் கேட்க வேண்டும். அதை ஆய்வு மாணவர் அறைக் கதவில் ஒட்டினோம். என் ஆய்வேட்டை இதுவரை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியாது. அந்தத் தாள் கிழிந்து கிழிந்து மூன்று முறை புதிதாக ஒட்டப்பட்டது.

உதவித்தொகை 2010இல் 16,000 ஆயிற்று. அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. 2014இல் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் கடிதம் எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், டெல்லிக்குப் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் சங்கமும் கையெழுத்து வாங்கி அனுப்பியது. அந்த மனுவிலும் முதல் பக்கத்தில் அட்டவணைதான். அக்டோபர் முதல் 25,000 என்று அறிவித்தார்கள். நான் அப்போது ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருந்தேன். அந்த உயர்வில் ஒரு ரூபாய்கூட எனக்கு வரவில்லை. 2019இல் 31,000, 2023இல் 37,000. ஒவ்வொரு முறையும் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் கிடைப்பதற்குள் வெளியேறியிருப்பார்கள். அவர்களுக்கு முன்பு கேட்டவர்களின் பணத்தைத்தான் அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய 16,000க்காக 2009இலும் அதற்கு முன்பும் யாரோ கையெழுத்து வாங்கி அலைந்திருப்பார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் தந்த ஒரு மணி நேரத்தில் டெர்பீன் பற்றிப் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும், மன்னிக்க வேண்டும்.

கூட்டம் தொடங்குமுன் அலுவலகத்தில் ஓர் உதவியாளர் வவுச்சரை நீட்டி, வருவாய் முத்திரை ஒட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கினார். பயணப்படிக்கு "பஸ் டிக்கெட் வெச்சிருக்கீங்களாம்மா? இல்லேன்னாலும் பரவாயில்ல, நாங்க போட்டுக்கறோம்" என்றார். டிக்கெட் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து இங்கே வந்த ஆட்டோவுக்கு 120 ரூபாய். அதற்கு ரசீது இல்லை, வண்டி எண் எழுதி வைத்திருக்கிறேன். என்னோடு வந்த மாணவி கையெழுத்துப் போடுவாள். கீழே இறங்கியதும் கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் ஒரு கை தெரிகிறது. சொல்லுங்கள் தம்பி.